பை போனது, ஆள் போகவில்லை

“அந்தப் பையைத் திறக்கப்பிடாது, கேட்டியா!”

தாணு அத்தான் போட்ட சத்தத்தில், அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி செல்லம் கரண்டியைக் கீழே போட்டாள். அவள் குனிந்து எடுப்பதற்குள் பால் பொங்கி அடுப்பு பூராவும் வழிந்துவிட்டது.

“பால் பொங்குனது நல்லதுதான்” என்றார் அத்தான், குரலை இறக்கி.

“நல்லதுதான் அண்ணே. அடுப்பைத் துடைக்கப் போறது நான்லா” என்றாள் செல்லம்.

சாமி படங்களுக்குக் கீழே ஒரு நீலப் பை இருந்தது. அதற்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள் உமா. என் அக்கா கோமதியின் மகள். இந்தத் தாணு அத்தான் பெற்ற பிள்ளை. அவள் கை ஜிப்பின் மேல் இருந்தது.

“அப்பா, சார்ஜர் இதுக்குள்ள கெடக்கு. போன் சாகக் கெடக்கு.”

“சாகட்டும். பரஸ்தானம் வச்ச பையை நடுவழியில திறந்தா, வச்சதுக்கே அர்த்தமில்லாம போயிரும்.”

உமா என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். மத்தியானம் பன்னிரண்டு தாண்டியிருந்தது. அன்றைக்குப் புதன்கிழமை.

என் வீடு என்ன சத்திரமா?

பரஸ்தானம் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கலாம். ஒரு ஆள் வெளியூர் போகவேண்டும். போகிற நாள் சரியில்லை. அப்போது என்ன செய்வது? அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணப் பையை மட்டும் வீட்டிலிருந்து கிளப்பி வேறொரு வீட்டில் கொண்டு வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிய மாதிரி. பிறகு மூன்று நாலு நாளுக்குள் ஆள் எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. பை மட்டும் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. திறக்கவும் கூடாது.

பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் எல்லாரும் என் வீட்டில் வைப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

போன வாரம் என் பலசரக்குக் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தக் கடைக்குப் பின்னால்தான் வீடு, கோட்டாறில். நாகர்கோவில் ரயில்வே ஸ்டேஷன் கூப்பிடு தூரம். அங்கே ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்தால், இங்கே என் வீட்டுப் பூனை காதைத் தூக்கும். தமிழ், இந்தி, இங்கிலீஷ் என்று மூன்று பாஷையும் கேட்டுவிட்டுத்தான் மறுபடி படுக்கும்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் சொந்தக்காரர்களுக்கு அது வீடு இல்லை, சத்திரம். தோவாளைப் பக்கத்துச் சொந்தம், பூதப்பாண்டிச் சொந்தம், மண்டைக்காட்டுச் சொந்தம் என்று எல்லாப் பையும் இங்கேதான் வரும். காசு வாங்கிக்கொண்டு பை பார்த்துக்கொள்கிற இடத்தில்கூடப் பைக்கு மட்டும்தான் இடம். என் வீட்டில் பைக்கு இடமும் கொடுத்து, பை கொண்டுவந்தவருக்குக் காப்பியும் கொடுக்கவேண்டும். நல்ல நேரம் பதினொரு மணிக்கு மேல் என்றால் சோறும் போடவேண்டும்.

ஒருதடவை ஒரு பையிலிருந்து மூன்று நாளாக ஒரு வாடை. திறக்கக்கூடாதே! நாலாம் நாள் பையின் சொந்தக்காரர் வந்து எடுத்துப்போகும்போதுதான் சொன்னார், அதில் கருவாடு இருந்ததாம். “பிள்ளைகளுக்குக் கொண்டுபோறேன், நல்ல நெத்திலி” என்றார் சந்தோஷமாக. மூன்று நாளும் அது இருந்தது எங்கள் வீட்டுப் பிள்ளையார் படத்துக்குக் கீழே.

செல்லம் சொல்லுவாள்: “வந்த பைக்கெல்லாம் வாசல் திறந்தா, வீட்டுச் சாமி தெருவுல நிக்கும்.” அவள் சொந்தமாகச் செய்த பழமொழி. எனக்கு இப்படிப் பேசுகிறவர்களைப் பிடிக்கும். அதனால்தானோ என்னவோ, இத்தனை வருஷமாக வாசலை நான் மூடவில்லை.

எங்கே போனாலும் வடக்கே

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சூலம் பார்ப்பதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சூலம் இருக்கிற திசைக்கு அன்றைக்குப் போகக்கூடாது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். எங்களுக்கு மதுரை வடக்கு, திருச்சி வடக்கு, சென்னை வடக்கு, டெல்லியும் வடக்கு. வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் வடக்கேதான் இருக்கிறது.

வியாழக்கிழமை தெற்கே சூலம். ஆனால் தெற்கே நாங்கள் எங்கே போக? ரயில் கன்னியாகுமரியோடு நின்றுவிடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு ரயில் வந்ததே எனக்கு மீசை அரும்பிய பிறகுதான். அதற்கு முன்னால் ரயில் ஏறவேண்டுமானால் பஸ்ஸில் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகவேண்டும். புது ஸ்டேஷன் திறந்த சமயம், எங்கள் தெருக்காரர் ஒருவர் குடும்பத்தோடு முதல்முதலாக ரயில் ஏறப் போனார். பெட்டியில் வலது காலை வைக்க நல்ல நேரம் வரட்டும் என்று பிளாட்பாரத்தில் காத்து நின்றார். ரயில் அவருக்காக நிற்கவில்லை, போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்தவரிடம் என்னாச்சு என்று கேட்டால், “ஓட்டுநருக்குப் பஞ்சாங்கம் தெரியல” என்றார்.

அந்த மனுஷர் செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அவர் வித்து மட்டும் ஊரில் முளைத்துக்கொண்டே இருக்கிறது.

ரயில் ஓட்டப் போகிற பிள்ளை

இதில் என் ரத்தம் கொதித்ததற்குக் காரணம் உண்டு. உமா சும்மா ஊர் சுற்றப் போகவில்லை. பரீட்சை எழுதி, கண் பரிசோதனை வரைக்கும் தேறி, ரயில் இஞ்சினில் உதவி ஓட்டுநர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். வியாழக்கிழமை காலையில் திருச்சியில் பயிற்சிக்குப் போய் நிற்கவேண்டும். அசல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் கொண்டுபோகவேண்டும். அன்றைக்குப் போகாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ரெண்டு வருஷம் கண் எரிய உட்கார்ந்து படித்த படிப்பு அதோடு முடிந்தது.

அத்தானுக்கு அதில் பெருமை உண்டா இல்லையா என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை. உத்தரவு வந்த நாளிலிருந்து அஷ்டமி என்பார், நவமி என்பார், கரிநாள் என்பார். “வேற வேலை ஒண்ணும் இல்லியாட்டி?” என்பார். இத்தனைக்கும் மனுஷர் வயல்காரர். கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால், ராகு காலமாவது கேது காலமாவது, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள்.

கடைசியில் அக்கா சண்டை போட்டு, புதன் சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். புதன் என்றால் சூலம். ஆகவே அத்தான் திங்கட்கிழமையே நல்ல நேரம் பார்த்து உமாவின் நீலப் பையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தார். துணிமணி, சார்ஜர், சர்டிபிகேட், எல்லாம் அதற்குள்.

“முக்கியமானதுதான் மொதல்ல கிளம்பணும் மாப்பிளே” என்று என்னிடம் விளக்கம் வேறு.

புதன்கிழமை மத்தியானம் அத்தான், அக்கா, உமா மூன்று பேரும் வந்தார்கள். சூலத்துக்குப் பரிகாரமாக உமா பால் குடித்துவிட்டுப் போகவேண்டும். அந்தப் பால்தான் பொங்கியது.

ஜிப்பு திறந்தது

“மாமா, நீங்களாவது சொல்லுங்கோ” என்றாள் உமா.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ‘சர்’ரென்று சத்தம். அவளே திறந்துவிட்டாள்.

உள்ளே கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு குட்டிப் பட்டுப்பாவாடை. ஒரு முழம் இருக்கும். அடுத்து ஒரு சரிகைக்கரை வேட்டி. ஷேவிங் செட். அப்புறம் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம்.

அத்தான் பாவாடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது யாருக்குள்ளதுட்டி?”

“எனக்குள்ளது இல்லப்பா. எனக்கு இது முட்டுக்கு வராது.”

செல்லம் தலையில் கை வைத்தாள். “அய்யோ, நாகு!”

நாகலிங்கம் அவளுடைய சித்தி மகன். பழனியில் இருக்கிற அவன் தங்கை மகளுக்கு மறுநாள் விடியற்காலம் காதுகுத்து. இவன்தான் தாய்மாமன். இவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். அவனும் பரஸ்தானம் வைத்திருந்தான். எங்கே? என் வீட்டில்தான், வேறே எங்கே! காலையில் எமகண்டம் கழியட்டும் என்று ஒன்பது மணி வரை என் வீட்டில் இட்லி தின்றுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மதுரை பஸ்ஸில் ஏறினான்.

அவன் பையும் நீலம்தான். நகைச்சீட்டு போட்டவர்களுக்குக் கடையில் சும்மா கொடுத்த பை. எங்கள் பக்கம் அந்த நீலப் பை இல்லாத வீடே கிடையாது. இரண்டு பையிலும் ஒரே மாதிரி மஞ்சள் கயிறு வேறு கட்டியிருந்தது.

செல்லம் போனைப் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

“லே நாகு, எங்க நிக்கே?”

“கோவில்பட்டி தாண்டியாச்சுக்கா.”

“பையைத் திறந்து பாத்தியா?”

“சேச்சே! பரஸ்தானப் பையைத் திறப்பேனாக்கா? மடியிலதான் வச்சிருக்கேன்.”

“நல்லா வச்சே. இப்பம் திற.”

பஸ் இரைச்சலுக்கு நடுவே ஜிப்பு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நாகலிங்கத்தின் குரல் மெலிந்து வந்தது. “யக்கா... இதுக்குள்ள சுடிதாரா இருக்கு.”

உமா முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காலையில் அவள் காட்டவேண்டிய சர்டிபிகேட் எல்லாம் சாத்தூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது.

“அவனை அடுத்த பஸ்ஸுல திரும்பி வரச் சொல்லு” என்றார் அத்தான்.

“பை திரும்பி வரப்பிடாதுன்னு நீங்கதானப்பா சொன்னியோ?”

“ஆமா. அதுவும் பிடாது.”

எனக்கு வந்த எரிச்சலில் தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடியும் போட்டேன். அதற்கு மேல் அத்தானை என்ன செய்யமுடியும்? அக்காவைக் கட்டினவர்.

நாகலிங்கம் மதுரையில் இறங்கி ரயில்வே ஸ்டேஷனில் நிற்பதாகச் சொன்னான். ஆனால் சாயங்கால ரயில் மதுரைக்குப் போகும்போது ராத்திரியாகிவிடும். “அதுக்கு மேல நான் எப்பம் பழனிக்குப் போய், எப்பம் குளிச்சு மலை ஏற? அஞ்சு அஞ்சரை வரைக்கும் நிக்கேன். அதுக்குள்ள வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்கோ. பாவாடையையும் கொண்டு வரணும், மறந்திராதீங்கோ.”

உமா தன் செத்துக்கொண்டிருந்த போனிலேயே ரயில் நேரம் பார்த்தாள். “இன்னும் அரை மணி நேரத்துல ஒரு பகல் வண்டி இருக்கு. ஏறுனா அஞ்சு மணிக்கு மதுரை. பையை மாத்திட்டு அடுத்த வண்டியில திருச்சி.”

அத்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் ராகு காலம்.

பிளாட்பாரத்தில்

பாதி நடையும் பாதி ஓட்டமுமாக ஸ்டேஷனுக்குப் போனோம். முன்பக்கம் அத்தான் ஊருக்குப் போகிற டவுன் பஸ் ஒன்று நின்று ‘தோவாளை, தோவாளை’ என்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அத்தான் அதைப் பார்த்த பார்வையில், மகளையும் பெண்டாட்டியையும் அதில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்று எனக்கே பயமாக இருந்தது. நான் போய்ச் சாதாரண டிக்கெட் எடுத்து வந்தேன்.

வண்டி வந்து நின்றுவிட்டது. பதிவில்லாத பெட்டி முன்னால், இஞ்சினை ஒட்டி. வெயிலில் தண்டவாளத்துக் கல்லிலிருந்து எண்ணெய் வாடை வந்தது. யாரோ இறக்கி வைத்திருந்த பிச்சிப்பூ மூட்டையின் வாசனையும் கூடச் சேர்ந்து தலையைக் கிறக்கியது.

அத்தான் பெட்டி வாசலில், மகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“ஒண்ணரைக்கு மேல வேற வண்டி பாப்போம்.”

“அதுல போனா அஞ்சு மணிக்கு மதுரை வராதுப்பா.”

“சூலமும் இருக்கு, ராகு காலமும் இருக்கு. ரெண்டையும் சேத்து எப்படிட்டி அனுப்புவேன்?”

“நாளைக்கு நான் வண்டி ஓட்டும்போது ராகு காலம்னு பொட்டல்காட்டுல நிறுத்துனா, பின்னால இருக்கவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?”

பக்கத்தில் கேன் வைத்துக்கொண்டு நின்ற டீக்காரர் சும்மா இருக்கவில்லை. “அண்ணாச்சி, ரயிலு மருமகன் மாதிரி. ஒரு அளவுக்கு மேல நிக்கச் சொன்னா கோவிச்சிட்டுப் போயிரும்.”

“நீரு உம்ம டீயைப் பாரும்” என்றார் அத்தான்.

என் பொறுமை போய்விட்டது. “அத்தான், நாள் பாத்து நாள் பாத்து...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அதுவரை வாயே திறக்காமல் வந்த கோமதி அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

“பை போனா ஆள் போன மாதிரின்னு சொன்னது யாரு?”

“நான்தான்” என்றார் அத்தான்.

“உமா பை இப்பம் எங்க நிக்கு?”

“சாத்தூர் பக்கத்துல.”

“இங்கேருந்து எப்பம் கிளம்புச்சு?”

“எமகண்டம் கழிஞ்ச பொறவு. ஒம்பது மணிக்கு மேல.”

“அப்பம் உங்க பிள்ளை ஒம்பது மணிக்கே போயாச்சு. நல்ல நேரத்துல போயி, இப்பம் சாத்தூர் பக்கத்துல பஸ்ஸுல இருக்கா. இங்க நிக்கது வெறும் உடம்பு. உடம்புக்கு ராகு காலம்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு? சொல்லுங்கோ, நானும் தெரிஞ்சுக்கிடுகேன்.”

டீக்காரர் சிரிப்பை அடக்கிக் கேனைத் துடைத்தார். அத்தான் பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அது... அப்படியும் சொல்லலாம்” என்றார்.

சொன்னபடியே அரை அடி நகர்ந்தார். அந்த அரை அடி போதும். உமா நாகலிங்கத்தின் பையோடு உள்ளே ஏறினாள். கூட்டத்தில் நெருக்கி, சன்னல் பக்கமாக முகத்தைக் கொண்டுவந்தாள். “வாறேம்மா. வாறேன் மாமா. அப்பா, வாறேன்!” என்றாள். வண்டி நகர்ந்தது.

அத்தானின் சந்தேகம்

அக்கா கண்ணைத் துடைத்தாள். அத்தான் கையைக்கூட ஆட்டவில்லை. அவர் கண் பெட்டியில் இல்லை. முன்னால் போகிற இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். அது வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தார்.

திரும்பி வரும்போது அக்காவை முன்னால் விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.

“மாப்பிளே, அந்த இஞ்சினுக்குள்ள கக்கூஸ் உண்டுமா?”

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

“வண்டி நின்னப்பம் நல்லா பாத்தேன். ஒரு ஏணி இருக்கு, சன்னல் இருக்கு, ரெண்டு ஆளு இருக்கான். வேற ஒண்ணும் தெரியல. ஆம்பிளைன்னா எங்கயாவது ஒதுங்கிருவான். இவ பொட்டப்பிள்ளை. ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ, என்ன செய்வா?”

“அவகிட்ட கேக்க வேண்டியதுதானே அத்தான்?”

“அப்பன் கேக்குற கேள்வியா லே அது?”

அஷ்டமி, நவமி, கரிநாள் என்று அவர் அத்தனை நாளும் சொன்னதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. என் எரிச்சல் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போயிற்று.

மதுரையில் பை மாறியது. மறுநாள் பாவாடையும் போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அந்தக் குட்டி காது குத்திக்கொண்டது. உமாவும் சொன்ன நேரத்துக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். ஆனால் நான் சொல்லவந்தது முந்தின நாள் சாயங்காலம் விளக்கு வைத்தபிறகு வந்த போனைப் பற்றி.

அத்தானும் அக்காவும் ஊருக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே காத்திருந்தார்கள். உமா கூப்பிட்டு, திண்டுக்கல் தாண்டிவிட்டேன், பை மடியில் இருக்கிறது, பக்கத்துச் சீட்டு அக்கா சார்ஜர் போட இடம் கொடுத்தார்கள் என்றெல்லாம் சொன்னாள். அத்தான் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டார். ‘உக்கார இடம் கிடைச்சுதா’ என்று கேட்டார். மறுபடி ‘சாப்பிட்டியா’ என்று கேட்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “மக்கா, உங்கப்பா ஒரு சந்தேகம் கேக்கணும்னு மத்தியானத்துலேருந்து நெளியுதாரு” என்றேன்.

அத்தான் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். அப்புறம் போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

உமா சிரிக்கவில்லை.

“நானும் அதை நினைச்சுக் கிடந்திருக்கேன்பா. யாருகிட்ட கேக்கன்னுதான் தெரியல. நாளைக்குப் போய் உக்காந்ததும் மொதல்ல அதைத்தான் கேக்கப்போறேன்.”

“கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு.”

“வகுப்பு விடும்போது ஒண்ணரை தாண்டிரும்பா. வியாழக்கிழமை அப்பம் ராகு காலம்லா?”

“எந்நேரம்னாலும் சரி” என்றார் அத்தான். “நீ கூப்பிடு மக்கா.”